தொண்ணூறு மீட்டர்

ஜூன் 18
கப்பலிலிருந்து

மச்சானுக்கு,

கப்பல் மொரீஷியஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி மூன்று நாளாகிறது. ஏறும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு கேள்வி. உங்கள் பெயரையும் பட்டறை எண்ணையும் எழுதினேன். அண்ணன் பெயரை எழுதத்தான் நினைத்திருந்தேன். கை வேறு மாதிரி எழுதிவிட்டது. யாராவது உங்களை அழைத்தால் திகைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே தொலைபேசி கிடையாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மின்னஞ்சல் போகும், வரும். எழுத்து மட்டும்தான். படம் அனுப்பினால் கப்பலின் இணைப்பு தாங்காது என்று திருப்பி விடுவார்கள். செப்டம்பர் முதல் வாரம் வரை இப்படித்தான்.

அஸ்வினியின் பள்ளியிலிருந்து கேட்டால், அவளுடைய சான்றிதழ்கள் பீரோவின் மேல்தட்டில் நீல உறையில் இருக்கின்றன.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

செல்வி


ஜூன் 22
அவனியாபுரம்

செல்வி,

நீ கப்பல் ஏறியதை எனக்கு முதலில் சொன்னது உன் சித்தப்பா மகன் முத்துக்கருப்பன். பரவை மார்க்கெட்டில் ஒரு மோட்டார் ஷாஃப்டைக் கொடுக்கப் போயிருந்தேன். வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்கிறான்: "என்ன மச்சான், அக்கா கப்பல்ல போயிருச்சாம்ல, ஒங்ககிட்டச் சொல்லலையா?" சொன்னாள் என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி இல்லை.

ஐந்து மாதமாக நீ என்னோடு பேசவில்லை. கடைசியாகப் பேசியது ஆஸ்பத்திரி வாசலில். போகிக்கு நீ பேரையூரில் உன் அப்பா வீட்டில் இருந்தாய். முதல் நாள் சாயங்காலம் போனில் சொன்னாய், அஸ்வினி இழுப்பு உள்ள பிள்ளை, ஒன்பது மணி வரை வெளியே விடாதீர்கள் என்று. நான் விடிவதற்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆறரைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏழரைக்கு ஆஸ்பத்திரி. பத்தே முக்காலுக்கு முடிந்துவிட்டது. நீ பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தபோது பதினொன்று. எல்லாச் சனமும் நிற்கையில் சொன்னாய்: "நீங்கதான் எம்பிள்ளையக் கொன்னுட்டீங்க."

நான் அன்றைக்கும் மறுத்துப் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. ஆனால் கடலுக்குப் போகிறேன் என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அங்கே உனக்கு என்ன வேலை? கரை தெரியுமா, தெரியாதா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

சான்றிதழைப் பள்ளியில் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.

சிவக்குமார்


ஜூலை 1
கப்பலிலிருந்து

மச்சானுக்கு,

கேட்டதற்குச் சொல்கிறேன்.

நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் நிலத்தைத் தொட ஆறு நாள் ஆகும். இங்கே இப்போது குளிர்காலம். அலைகள் நம் வீட்டு மாடியை விட உயரமாக எழுகின்றன. முதல் வாரம் எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. இப்போது கஞ்சியும் ரொட்டியும் நிற்கிறது.

வேலை பலூன் விடுவது. பின் தளத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. அதற்குள் பலூனில் வாயு நிரப்பி, தம்ளர் அளவில் ஒரு கருவியைக் கட்டி, நானும் சரண்யாதேவி என்ற ஆராய்ச்சி மாணவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே வந்து மேலே விடுவோம். ஒரு நாளைக்கு நான்கு முறை. மேலே போகப் போக அந்தக் கருவி காற்றின் சூடு, ஈரம், வேகம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகும்.

தரையையோ கடலையோ ஒட்டி இருக்கும் காற்று தனி. அதற்கு மேலே இருக்கும் காற்றோடு அது எளிதில் கலக்காது. நடுவில் ஒரு மூடி மாதிரி இருக்கும். கீழே எழும் ஈரம், உப்பு, தூசி, புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நிலத்தின் மேல் அது தினமும் ஏறி இறங்கும். பகலில் வெயில் பட்டு உயரே போகும், விடியற்காலையில் தலைக்கு மேல் வந்து நிற்கும். நடுக்கடலில் அப்படி இல்லை. தண்ணீர் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் மூடி எழுநூறு மீட்டரிலேயே நிற்கிறது. புயல் வந்தால்தான் மாறும்.

தூசி எண்ணும் கருவி ஒன்றும் வைத்திருக்கிறோம். மதுரையில் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு காற்றில் பல்லாயிரம் துகள் இருக்கும். இங்கே இருநூறு கூட இல்லை. நேற்று அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதியபோது என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அவளுக்கு வேண்டியிருந்த காற்று இங்கே யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது.

இதற்கு முன் இரண்டு முறை இந்தக் கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இழுப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று வர மறுத்தேன். இந்த முறை மறுக்கக் காரணம் இல்லை.

செல்வி


ஜூலை 5
அவனியாபுரம்

செல்வி,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்து நான்கு தரம் படித்தேன். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் உன் வேலை என்ன என்று நீ எனக்கு இவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறாய், காற்றைப் பற்றிப் படித்தாய், டாக்டர் பட்டம் வாங்கினாய் என்பது வரை தெரியும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த மூடி போகி அன்று காலையில் நம் தலைக்கு மேல் எத்தனை மீட்டரில் இருந்தது? நீ கணக்குப் போட்டிருப்பாய். போடாமல் இருந்திருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்குக் கூட்டிப் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா?

சிவக்குமார்


ஜூலை 8
கப்பலிலிருந்து

மச்சானுக்கு,

அதைக் கேட்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

செல்வி


ஜூலை 12
அவனியாபுரம்

செல்வி,

வேறு எதுவும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் பேரையூர் வந்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. பெற்ற பிள்ளையின் காரியம். உன் அண்ணன் தங்கப்பாண்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "மாப்ள, ஒங்க மேல கை வச்சிரக் கூடாதுன்னு பாக்குறேன். வந்த வழியே போயிருங்க" என்றார். உன் அப்பா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாப்புக்குப் போய், காரியம் முடிந்து சனம் கலைகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமாகத்தான் பஸ்ஸுக்கு வந்தார்கள். ஒருவர் கூட நிற்கவில்லை.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னதை நம்பினார்கள். நீ படித்தவள், காற்றைப் பற்றியே படித்தவள். நீ சொன்னால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும் என்று நானும்தான் நம்பினேன்.

அந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன். கோர்ட்டில் கூடத் தீர்ப்பைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

சிவக்குமார்


ஜூலை 17
கப்பலிலிருந்து

மச்சானுக்கு,

பிப்ரவரியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். பேரையூரில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது நாள் அதைத்தான் செய்தேன். அன்றைய காற்று விவரங்களைத் திரட்டி, மூன்று வழிகளில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின.

காலை ஆறு மணிக்கு மூடி தொண்ணூறு மீட்டரில் இருந்தது. காற்று நகரவே இல்லை. ஊர் முழுக்க எரித்த புகை தொண்ணூறு மீட்டருக்குள் கிடந்தது. ஒன்பது மணிக்கு முந்நூறு. பதினொரு மணிக்கு, நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, எழுநூறு. இங்கே கடலில் இருக்கிற அளவு.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் சொன்னது சரியாகப் போயிருக்கும். நான் நிறுத்தவில்லை. அவள் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டுப் பார்த்தேன். நம் படுக்கையறையில் இரண்டு காற்றுத் துவாரம், வராந்தாக் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி, சமையலறையில் மூட முடியாத ஜன்னல். அப்படிப்பட்ட வீட்டுக்குள் வெளிப்புகை நுழைய ஒரு மணி நேரம் போதும். வெளியே நூறு பங்கு என்றால் அவள் படுத்திருந்த கட்டிலில் எண்பத்தைந்து. நான்கு மணியிலிருந்தே ஊரில் எரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நீங்கள் அவளை எழுப்பியபோதே அவள் ஒரு மணி நேரமாக அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்த அந்த நாற்பது நிமிடம் கூடுதலாகச் சேர்த்தது மிகக் கொஞ்சம். நீங்கள் நான் சொன்னபடியே ஒன்பது மணி வரை கதவைப் பூட்டி வைத்திருந்தாலும் அவளுக்கு இழுப்பு வந்திருக்கும். ஏறக்குறைய அதே நேரத்துக்கு வந்திருக்கும்.

வெளியே விடாதீர்கள் என்று நான் போனில் சொன்னதால் எந்தப் பயனும் இல்லை. முதல் நாளே அவளைப் பேரையூருக்கு அழைத்து வந்திருந்தால் பிழைத்திருப்பாள். அங்கே எங்கள் வீட்டைச் சுற்றி எரிக்க ஆள் இல்லை. வெறும் பருத்திக் காடு. நான் அழைத்து வரவில்லை. பள்ளியில் கோலப்போட்டி இருக்கிறது, முடித்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

இது பிப்ரவரி பதினெட்டாம் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனிடமும் அப்பாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீங்கள் அதைச் சுமந்துகொண்டிருந்தால் நான் சுமக்க வேண்டியதில்லை என்று இருந்தது. ஐந்து மாதம் உங்களைச் சுமக்க விட்டேன். தெரிந்தே விட்டேன்.

பதினோரு வருடமாக வகுப்பில் இதைத்தான் நடத்துகிறேன். மார்கழி, தை விடியலில் புகை மேலே போகாது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். நம் தெருவில் ஒருவரிடமும் சொன்னதில்லை. வீடு வீடாகப் போய் நின்றால் பெரிய இவள் வந்துவிட்டாள் என்று நினைப்பார்களே என்று கூச்சம்.

செல்வி


ஆகஸ்ட் 2
அவனியாபுரம்

செல்வி,

பதில் எழுதப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. இங்கே ஆடிக் காற்று. பட்டறைத் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொள்கிறது. விமானம் இறங்குகிற சத்தம் கூடக் கேட்பதில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. மறைக்கவில்லை. ஐந்து மாதம், செல்வி. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். நம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட சோணை, பட்டறைக்கு வேலை கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். உனக்குத் தெரிந்திருந்தது, நீ சும்மா இருந்தாய்.

அந்தக் கோபம் இரண்டு நாள் கூட நிற்கவில்லை. அதற்குக் காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆனது.

நீ எனக்குத் தெரியாமல் வைத்திருந்தது போல நானும் உனக்குத் தெரியாமல் ஒன்று வைத்திருக்கிறேன். போகிக்கு முதல் நாள் பட்டறையைச் சுத்தம் செய்தேன். அறுந்த பெல்ட், எண்ணெய் துடைத்த பஞ்சு, தேய்ந்த ரப்பர், பைக் டயர் ஒன்று, எல்லாமாக இரண்டு மூட்டை. கடைசல் வேலை பார்க்கிற தவசி கூடச் சொன்னான்: "இதக் குப்பை வண்டியில போட்டுருவோம்ணே. தீயில வேணாம், நாறும்." நான் சொன்னேன்: "ஊரே கொளுத்துது. நம்ம ரெண்டு மூட்டைதான் பெருசாக்கும்."

விடியற்காலம் அஸ்வினியை எழுப்பியது வாடிவாசலைப் பார்க்க மட்டும் இல்லை. மூட்டையைப் பிடிக்கத்தான் முதலில் எழுப்பினேன். ஒன்றை நான் தூக்கினேன், இன்னொன்றின் வாயை அவள் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தெரு முனையில் ஏற்கெனவே பழைய பாயும் ஓலையும் எரிந்துகொண்டிருந்தன. அதில் கொட்டினோம். பெல்ட்டை மட்டும் அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். "அப்பா, பாம்பு மாதிரி நெளியுது பாருங்க" என்று சிரித்தாள். கறுப்பாகப் புகை கிளம்பியது. என் துண்டை எடுத்து அவள் மூக்கைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வாடிவாசலுக்கு நடந்தோம். நாங்கள் திரும்பி வந்தபோது நம் வீட்டு வாசல் தெரியவில்லை. புகை அந்த அளவுக்குக் கட்டியிருந்தது.

அவளை வெளியே கூட்டிப் போனதுதான் குற்றம் என்று நீ சொன்னபோது நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம். நீ சொன்ன குற்றம் என்னுடையதை விடச் சின்னதாக இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். இப்போது நீ அதையும் இல்லை என்று சொல்லிவிட்டாய்.

கட்டிலில் எண்பத்தைந்து பங்கு என்று எழுதியிருக்கிறாய். அதில் என் இரண்டு மூட்டை எத்தனை பங்கு?

சிவக்குமார்


ஆகஸ்ட் 13
அவனியாபுரம்

செல்வி,

பதில் வரவில்லை. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லையே? உங்கள் கப்பலை அனுப்பிய ஆபீசுக்கு போன் செய்தேன். எல்லாரும் நலம் என்று ஒரு பெண் சொன்னாள். நான் யார் என்று கேட்டாள். கணவர் என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு அவரே எழுதுவாரே என்றாள்.

பங்கு சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம். நலம் என்று ஒரு வார்த்தை போதும்.

சிவக்குமார்


ஆகஸ்ட் 16
கப்பலிலிருந்து

மச்சானுக்கு,

நலம்.

உங்கள் கடிதம் வந்த அன்று பலூனைக் கை நழுவ விட்டுவிட்டேன். கருவி தளத்தில் மோதி உடைந்தது. சரண்யாதேவி என்னை உள்ளே அனுப்பிவிட்டு என் முறையையும் சேர்த்து நான்கு நாள் அவளே பார்த்தாள். என்னக்கா என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன்.

நீங்கள் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். ஒரு முறை மறைத்தேன், இன்னொரு முறை மறைக்க மாட்டேன்.

அன்று நம் பகுதியில் பல நூறு இடங்களில் தீ எரிந்தது. தொண்ணூறு மீட்டருக்குள், காற்றே இல்லாத விடியலில், எல்லாப் புகையும் ஒன்றாகிவிடும். இது இன்னார் புகை என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. வகுப்பில் யாராவது கேட்டால் இப்படித்தான் பதில் சொல்லுவேன். அது பொய்யும் இல்லை.

ஆனால் தீக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. கலப்பதற்கு முன்பே புகை அவர்களைச் சேர்ந்துவிடும். தெரு முனையிலிருந்து நம் வீடு நான்காவது. நாற்பது மீட்டர். அவ்வளவு கிட்டத்தில் மற்ற எல்லாத் தீயையும் விட அந்த ஒரு தீயின் புகைதான் அதிகம். ரப்பரும் எண்ணெயும் பாயையும் ஓலையையும் போல இல்லை. இதற்கு மேல் எண் கேட்காதீர்கள். எண் இருக்கிறது. போட்டுவிட்டேன். எழுத மாட்டேன்.

மூட்டையைக் கொட்டியதை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் நான் செப்டம்பரில் அவனியாபுரம் வந்திருப்பேன். உங்களுக்குச் செய்த அநியாயத்துக்கு உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதிருப்பேன். அதை நினைத்துக்கொண்டுதான் ஜூலை முழுவதும் இருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். அது உண்மையாக இல்லை. உங்களை வெறுக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. அவள் சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியாக அவள் சிரித்தது எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். வெளியே கூட்டிப்போனதால் பிள்ளை போகவில்லை, நான் தப்பாகப் பழி போட்டேன், அது தப்பு என்று தெரிந்தும் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். மூட்டையைப் பற்றி எழுதவில்லை. அதை யாருக்கும் சொல்ல வேண்டாம். நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

செல்வி


ஆகஸ்ட் 25
அவனியாபுரம்

செல்வி,

உன் அண்ணன் நேற்று பட்டறைக்கு வந்தார். பேரையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு பை நிறைய வெள்ளரிக்காய். உன் அப்பா கொடுத்து விட்டாராம்.

நான் லேத்தை நிறுத்தினேன். தவசி நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, வாசல்ல நிறுத்தி அனுப்பிட்டேன். பெத்தவன, பிள்ளை காரியத்துக்கு வந்தவன. எனக்கு இனி எந்தக் கோயில்ல போயி நின்னாலும் ஆகாது" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாங்க. அப்பா ஒங்களப் பாக்கணும்ங்கிறாரு. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. அம்புட்டுத்தேன்" என்றார்.

ஏழு மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் இருந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அந்த மனுசன் என் கையை விடவில்லை. அப்படியே நின்றுகொண்டு என்னால் பொய்யாக இருக்க முடியவில்லை, செல்வி. தவசியை வெளியே போகச் சொல்லிவிட்டு, இரண்டு மூட்டையையும் சொன்னேன். அஸ்வினி ஒன்றை இழுத்து வந்ததையும் சொன்னேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா எனக்கு அப்படி எழுதுச்சு?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உன்னையும் சேர்த்து மாட்டிவிட்டேன். நம் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்று நீ எழுதியதை நான் காப்பாற்றவில்லை.

வெள்ளரிக்காயைத் தவசியிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சிவக்குமார்


செப்டம்பர் 4
மொரீஷியஸ் துறைமுகம்

மச்சானுக்கு,

நேற்று கரை சேர்ந்தோம். இறங்கி நடந்தால் தரை ஆடுகிறது. தொலைபேசி வேலை செய்கிறது. இருந்தும் எழுதத்தான் செய்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அண்ணனை அழைத்தேன். எடுத்தான். "அவரு பண்ணினதைக் கூட விட்டுரலாம் செல்வி. புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொண்ண மறைச்சுக்கிட்டு எங்கள எல்லாம் என்ன நெனச்சீங்க? ஒருக்கா அவர வெறுக்கச் சொன்ன, ஒருக்கா அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்ன. ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் பிள்ளை எங்க இருக்கு?" என்றான். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், இருமுகிற சத்தம் கேட்டது.

கப்பல் பத்து நாளில் மறுபடி கிளம்புகிறது. இந்த முறை இன்னும் தெற்கே. நடுவில் எரிபொருளுக்கு இரண்டு முறை இங்கே வரும், பிப்ரவரியில்தான் பயணம் முடியும். பலூனுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கல்லூரிக்கும் எழுதிவிட்டேன். வேலை இருக்குமா என்று தெரியாது.

போகி அன்று நான் கடலில் இருப்பேன். அதற்காகத்தான் போட்டேன், வேறு எந்தக் காரணமும் இல்லை. அந்த விடியலில் நிலத்தில் எங்கே நின்றாலும் என்னால் மூச்சு விட முடியாது.

நீங்களும் அந்தத் தெருவில் இருக்காதீர்கள். கொடைக்கானலுக்குப் போங்கள், ராமேஸ்வரத்துக்குப் போங்கள், எங்காவது போங்கள். மூன்று நாள் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போங்கள். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

செல்வி


செப்டம்பர் 7
அவனியாபுரம்

செல்வி,

பத்திரமாகப் போய் வா.

நான் எங்கும் போகப் போவதில்லை. போகி அன்று இங்கேதான் இருப்பேன். போன மாதமே முடிவு செய்துவிட்டேன். விடிவதற்கு முன்னால் எழுந்து தெரு முனைக்குப் போவேன். சனம் பாயைக் கொண்டுவரும், டயரைக் கொண்டுவரும், பிள்ளைகள் கூட வரும். ஒருத்தரையும் தடுக்க மாட்டேன். போடாதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது? எல்லாருக்கும் இப்போது தெரியும். உன் அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தவசி வெளியே நின்று கேட்டிருக்கிறான்.

அவர்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்து போவேன். பத்தே முக்கால் வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ. பிறகு வீட்டுக்கு வருவேன்.

நீ அன்றைக்குப் பலூன் விடு. எத்தனை மீட்டர் என்று எனக்கு எழுதாதே.

சிவக்குமார்